வெட்டிய ஏழு நொடி

எம்.பி.த்ரீ பற்றி சூர்யபிரகாஷிடம் வாய் கொடுத்தால் மீள முடியாது. நெட்டில் இறக்கினால் ஒரு பாட்டு வர அரைமணி, அதற்குள் லைன் போய்விடும். சிடியிலிருந்து எடுத்தால் சுத்தம், கேசட்டிலிருந்து எடுத்தால் இரைச்சல். சுருக்காத வேவ் ஃபைல் ஒரு பாட்டுக்கே நாற்பது எம்.பி. தின்னும், எம்.பி.த்ரீ நாலோடு நிறுத்திக்கொள்ளும். "காதுக்குக் கேக்காததைத்தாங்க தூக்கிப் போடுது" என்பான். திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில், செல்போனுக்குப் பாட்டு ஏற்றும் கடை அவனுடையது. 2007இல் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. கேசட் கொண்டுவந்தால், பாட்டைப் போனில் ஏற்றிவிட்டு, அதே கேசட்டில் பழையதை அழித்துப் புதுப் பாட்டைப் பதிந்து இலவசமாகத் தருவான். சனங்களுக்கு அதில் கொள்ளை சந்தோஷம்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், கே.ஜி.கண்டிகையிலிருந்து கோவிந்தம்மாள் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனாள். செத்துப்போன புருஷன் வேடியப்பன் காவடி எடுத்தபோது பாடியது. சூர்யபிரகாஷ் கம்ப்யூட்டரில் ஓடவிட்டான். நடுவே பாட்டு நின்று, ஒரு இருமல், பிறகு "கோவிந்து, தண்ணி குடு." மொத்தம் ஏழு நொடி. பாட்டுக்கு இடைஞ்சல் என்று அதை வெட்டினான். எம்.பி.த்ரீ ஆக்கினான், இடத்தை அடைத்த வேவை அழித்தான். கேசட்டில் வழக்கம்போல் புதுப் பாட்டு.

திரும்பி வந்தவள் போனைக் காதில் வைத்து முழுப் பாட்டையும் கேட்டாள்.

"நல்லாகீது நைனா. என்னைக் கூப்பிடுவாரே, அது எங்க?"

அவனுக்குப் பகீரென்றது.

"பாட்டு ஊருக்குப் பாடினது. அது ஒண்ணுதான் எனக்கு" என்றாள்.

"உள்ள மாட்டிகினுகீதுக்கா. மூணு நாள் கழிச்சி வாங்க" என்று புளுகினான்.

எம்.பி.த்ரீயைத் திரும்ப வேவ் ஆக்கிப் பார்த்தான். நாலு நாற்பதாக ஊதியது, உள்ளே அந்தக் குரல் இல்லை. ஆனால் பட்டப்பகலில், எந்தப் பாட்டை ஏற்றினாலும், ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அது கேட்டது. கோவிந்து, தண்ணி குடு. ஹெட்போனைக் கழற்றினாலும் கேட்டது. உலகத்திலேயே அவன் காதில் மட்டும்தான் அது மிச்சம்.

மூன்றாம் நாள், துணிந்து, மைக்கில் இருமி, அதே போலத் தானே சொல்லிப் பதிந்தான். மேலே கொஞ்சம் இரைச்சல் தூவினான். திரும்பத் திரும்ப ஓட்டி, குரலை இறக்கி, ஏற்றி, அவனுக்கே மயிர்க்கூச்செறியும்வரை சரிசெய்தான்.

சொன்னபடி வந்த கோவிந்தம்மாள் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு பையிலிருந்து தண்ணி பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அவனிடம் நீட்டினாள்.

"குடி. நீதானே கேட்ட?"

அவன் பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பையிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்துத் தடவினாள்.

"அன்னிக்கு வெட்டறப்போ, அவரு கூப்பிட்டத நீ கேட்டதானே?"

"ஆங், கேட்டேங்க்கா."

"உன் காதுலயாவது இருக்கட்டும். மறந்துடாத நைனா."

அவள் பஸ்ஸுக்குப் போனதும் தான் பேசிப் பதிந்த ஏழு நொடியை அழித்தான். எல்லாப் பாட்டையும் நிறுத்திவிட்டு, மூன்று நாளாகத் துரத்திய குரலுக்குக் காது கொடுத்து உட்கார்ந்தான். வந்தது. அதே இருமல், அதே சொற்கள்.

குரல் மட்டும் அவனுடையது.