பலூன் போகாத உயரம்

வானிலை ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கணக்குக்காரி என்று பட்டப்பெயர். அவள் கணவருக்குப் பலூன்காரர். தினமும் காலையில் மொட்டைமாடியிலிருந்து கருவி கட்டிய பலூனைப் பறக்கவிடுவது அவர் வேலை. ஏறஏற எவ்வளவு குளிர் என்று அது சொல்லிக்கொண்டே போய், ஓர் உயரத்தில் வெடித்துவிடும்.

அவள் வழி வேறு. வழிகாட்டும் செயற்கைக்கோளின் சிக்னல், பூமியின் விளிம்பை உரசிக்கொண்டு இன்னொரு செயற்கைக்கோளுக்குப் போகும்போது காற்றில் துளி வளையும். எவ்வளவு வளைந்தது என்று தெரிந்தால் அந்தக் காற்றின் வெப்பத்தைக் கணக்குப்போட்டுவிடலாம்.

"காத்தைத் தொடாமலே சூடு பார்ப்பியா? என் காதுல பூ சுத்தாதே," என்பார் அவர்.

"பார்த்துட்டா?"

"ஒரு மாசம் பாத்திரமெல்லாம் நான் தேய்க்கிறேன்."

ஆய்வுக்கூடத்தின் புதுச் செயற்கைக்கோளின் முதல் அளவு வந்தபோது, அது அன்றைக்கு அவர் பலூன் விட்ட வானத்திலேயே விழுந்திருந்தது. அவள் இரண்டு கோடுகளையும் திரையில் ஒன்றாகப் போட்டாள். ஒன்று கிழக்கே போனால் மற்றது மேற்கே போனது.

"சரிதான், உன்னோடது வேற ஊர் காத்து போல," என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கணக்கை முதலிலிருந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அலுவலகம் மலைமேல் இருக்கிறது. அவளோ பலூன் கடல்மட்டத்திலிருந்து கிளம்பியதாகப் போட்டிருந்தாள். மலையின் உயரத்தைக் கூட்டியதும் இரண்டு கோடுகளும் நகமும் சதையுமாக ஒட்டிக்கொண்டன.

"பாத்திரம் உங்களுக்குத்தான்," என்றாள்.

அவர் காதில் அது விழவேயில்லை. பலூன் கோடு நின்ற இடத்தில் விரலை வைத்திருந்தார். அவள் கோடு அதற்கும் மேலே போய்க்கொண்டிருந்தது.

"எத்தனை பலூன் விட்டிருப்பேன். எல்லாம் இங்கதான் உசிரை விட்டுச்சு. இதுக்கு மேல என்னன்னு ஒருநாளும் பார்த்ததில்லை."

"இப்ப பாருங்க. அங்க ஓசோன் வெயிலை உறிஞ்சுறதால, மேல போகப்போக குளிர் குறைஞ்சு சூடு ஏறிக்கிட்டே போகுது."

சட்டென்று அவள் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியைப் பிடித்துச் சுற்றிவிட்டார். கூரை, ஜன்னல், திரை, அவர் பல் எல்லாம் சுழன்றன. அவள் மூச்சுமுட்டச் சிரித்தாள். சத்தம் கேட்டு இயக்குநர் அம்மா கதவைத் திறந்தார், திரையைப் பார்த்தார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ம், என்னையும் ஒரு சுத்து," என்றார்.

பலூன்காரர் கைவைப்பதற்குள் அடுத்த அளவு வந்துவிட்டது. நடுக்கடலுக்கு மேலே, யாரும் பலூன் விட்டிராத இடம். மூன்று தலைகளும் முட்டிக்கொண்டு திரைமுன் குனிந்தன.