பால் குடித்த பெட்டி

"கார் வந்த பிறகு யாராவது வந்து இரவல் கேட்டா என்ன செய்வீங்க?"

"யார் கேட்பா? தோட்டத்துல எல்லார்கிட்டயும் மோட்டார் சைக்கிள் இருக்கு லா."

"மோட்டார்ல அரிசி மூட்டையும் ஆளும் ஏத்த முடியாதுல்ல. கேட்பாங்க. கேட்டா?"

"இது ரோகினி காருன்னு சொல்லிடுவேன். போதுமா, மேடம்?"

நீலாய் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒட்டுக்கடையில், குளிர்ந்த தே ஐஸ் தேநீர்க் குவளைகள் வியர்த்துக்கொண்டிருக்க, சத்தியசீலன் அப்படிச் சொன்னான். அப்போது அவர்களுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னதால் ரோகினி நம்பினாள். சிரிக்கும்போது அவன் கன்னத்தில் ஒரு குழி விழும். அந்தக் குழியில் விழுந்துதான் அவள் ராசா பட்டணத்திலிருந்து மந்தின் ஊருக்கு அப்பால் இருக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு வாழ வந்தாள்.

பழைய ஜப்பான் கார் அது. கல்யாணமான புதிதில் அவள் சேமிப்பில் வாங்கியது. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிய ஈரம் காயும் முன்பே முதல் ஆள் வந்து கேட்டுவிட்டார். சீலன் "சரி" என்றான். அதன்பின் அந்தக் கார் சுமக்காதது எதுவும் இல்லை. மாரியம்மா அக்காவின் கோழிகள் கால் கட்டப்பட்டுப் பயணம் செய்து, வழியெல்லாம் எச்சமிட்டன. கல்யாண வீட்டுச் சாம்பார் வாளி ஒரு திருப்பத்தில் தளும்பியது. கருவாட்டுக் கூடை, பழுத்து வெடித்த டுரியான் பழம், யாருடைய குழந்தையோ வாந்தி எடுத்த பின்னிருக்கை. ஒவ்வொன்றையும் ரோகினிதான் ஞாயிற்றுக்கிழமைகளில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவினாள்.

போகப் போக, கேட்கிறவர்கள் யாரும் சீலனிடம் நேராகக் கேட்பதில்லை. அவன் அம்மா செல்லம்மாவிடம் சொல்வார்கள். செல்லம்மா மகனுக்குப் போன் செய்வாள். அவன் "சரிம்மா" என்பான்.

ரோகினி அவனிடம் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தனக்காக அவன் அம்மாவிடம் முடியாது என்று சொல்ல வேண்டும். ஆனால் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் அவளிடமும் "சரி" என்பான். ஊருக்கெல்லாம் சொல்லும் அதே சரியை அவளுக்கும் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். அது அவளுக்கு வேண்டாம்.

ஆடித் திருவிழா முடிந்த வாரம் காரில் நாற்றம் தொடங்கியது.

தம்பிக்குக் குழந்தை பிறந்ததால் திருவிழாவின்போது அவள் ராசாவில் அம்மா வீட்டில் இருந்தாள். திரும்பி வந்து கார்க் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. புளிப்பு, அழுகல், அதன்மேல் சாம்பிராணிப் புகை.

"என்னங்க இது? என்ன செத்துக் கிடக்கு?"

"பல்லியா இருக்கும் லா. ஏசிக்குள்ள போயிருக்கும். காஞ்சா போயிடும்."

காயவில்லை. வெயில் ஏற ஏற அது ஊறியது. இருக்கைகளுக்கு அடியில், பாயாசத்தில் மணத்துக்குப் போடும் பாண்டான் இலைக் கட்டுகளை வைத்தாள். அழுகல் நாற்றத்தோடு பாண்டான் வாசனையும் சேர்ந்து, கெட்டுப்போன பாயாசத்துக்குள் உட்கார்ந்து போவது போல் ஆனது. காப்பித்தூள் வைத்தாள். அதுவும் அந்தப் பாயாசத்தில் கலந்தது. நீலாயில் அவள் வேலை செய்யும் அலுவலகத்தில், பக்கத்து மேசைப் பெண் ஷாமினி நாசூக்காக நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டாள். அன்று ரோகினி கழிப்பறையில் தன் புடவைத் தலைப்பை முகர்ந்து பார்த்தாள். அழுகை வந்தது.

கொஞ்ச நாளில் பாட்டும் நின்றுபோனது. திரையில் பாட்டு ஓடியது, ஒலியின் எண் ஏறி இறங்கியது, சத்தம் மட்டும் இல்லை. ராசாவில் கார் ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்த மகேந்திரன் வந்து பார்த்துவிட்டு, "ரேடியோ நல்லா இருக்கு அண்ணே. கம்பெனியில போட்டு வந்த அம்ப், சத்தத்தைப் பெருக்குற பெட்டி, அதுதான் போச்சு. எல்லாச் சத்தமும் அது வழியாத்தான் வரணும். பாட்டு, போன், எல்லாம். பழைய மாடல், புதுசு கிடைக்காது. ஹாஃப்கட் கடையில தேடிப் பார்க்கிறேன்" என்றான். ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலேற்றும் பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை மந்தினில் ஒன்று இருந்தது.

அவன் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களை ரோகினி யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சந்தோஷத்தோடு கழித்தாள். காலையும் மாலையும் நீலாய் சாலையில் அவர்கள் இருவர் மட்டும். செல்லம்மாவின் போன் வந்தால் சீலனின் சட்டைப் பையில் அதிர்ந்து அதிர்ந்து அடங்கும். கையில் எடுத்துப் பேசினால் போலீஸ் சம்மன் கொடுப்பான் என்று எடுக்க மாட்டான். ஜன்னல்களை இறக்கிவிட்டு, மூக்கில் கைக்குட்டையோடு, அவர்கள் பேசினார்கள். அவன் வேலை செய்யும் தொழிற்சாலையின் சூப்பர்வைசர் நடப்பதைப் போல் தோளை ஆட்டிக் காட்டினான். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். நாற்றத்துக்கு நடுவே அந்தக் கன்னத்துக் குழி மறுபடியும் விழுந்தது.

சனிக்கிழமை மகேந்திரன் கூப்பிட்டான். பெட்டி கிடைத்துவிட்டது.

கடை வாசலில் காரின் பின்மூடியைத் திறந்ததுமே அவன் இரண்டடி பின்னால் போனான்.

"முருகா! அண்ணே, பல்லின்னு சொன்னீங்களே. இது முதலை செத்த நாத்தம் லா."

முகத்தில் இரண்டு மாஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு இடப்பக்க உட்தகட்டைக் கழற்றினான். அதற்குள் அடியில், பள்ளமான இடத்தில், சோற்று டப்பா அளவில் வெள்ளி நிற அம்ப் பெட்டி இருந்தது. வெள்ளி என்று ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். அதன் மேல் மஞ்சளும் வெள்ளையுமாக ஏதோ கெட்டியாக ஆடை கட்டியிருந்தது. ஓரங்களில் பச்சைப் பூஞ்சணம். தகட்டு வரிசைகளின் இடுக்கில் சின்னச் சின்னப் புழுக்கள், வெளிச்சம் பட்டதும் அவசரமாக நெளிந்தன. ஒரு கரப்பான் பூச்சி நிதானமாக வெளியே வந்து, மீசையை ஆட்டி எல்லோரையும் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே போனது.

ரோகினி சாக்கடை ஓரம் போய்க் குனிந்தாள். காலையில் சாப்பிட்ட ரொட்டி சானாய் முழுதும் வெளியே வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது மகேந்திரன் அந்தப் பெட்டியைக் குறட்டால் தூக்கிப் பிடித்திருந்தான்.

"அக்கா, இது அம்ப்பா, தயிர்ச் சட்டியா? தாளிச்சுக் கொட்டினா மோர்க்குழம்பு."

பெட்டியின் அடியில் ஒரு மாவிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

மாவிலை. மஞ்சள். ஆடி மாதம். ரோகினி சீலனைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பால்குடமா?"

அவன் செருப்பு நுனியால் ஒரு கல்லை நகர்த்தினான்.

"என்னங்க, உங்களைத்தான் கேக்குறேன். பால்குடமா?"

"புஷ்பவள்ளி சித்தி வீட்டுக் குடமெல்லாம் கோயிலுக்கு ஏத்திக்கிட்டுப் போனோம். பெரிய மேடு ஒண்ணு வந்துச்சு. சாஞ்சிருச்சு."

"துடைச்சிருக்கலாம்ல?"

"அம்மன் பாலு லா. கரித்துணியால துடைச்சுக் குப்பையில போடக்கூடாதாம். கால் படாத இடத்துக்கு ஓடிப் போகணுமாம். அதான் அம்மா மஞ்சத்தண்ணி ஊத்தினாங்க."

"எங்க? இதுக்குள்ளயா?"

"ம்."

"எவ்வளவு?"

"ரெண்டு வாளி."

"ஓடிப் போச்சா?"

"போகலக்கா," என்றான் மகேந்திரன் மாஸ்க்குக்குள்ளிருந்து. "இங்கயேதான் குடியிருக்கு, குடும்பத்தோட."

"பல்லின்னு சொன்னீங்க," என்றாள் ரோகினி.

"அம்மாதான், ரோகினிகிட்டச் சொல்லாத, சண்டை வரும்னாங்க."

"நீங்க சரின்னீங்க."

அவன் மறுபடியும் செருப்பைப் பார்த்தான். இத்தனை நாள் அவள் முகர்ந்த நாற்றம் ஒரு பக்கம். அந்த நாற்றத்துக்குள் பக்கத்திலேயே உட்கார்ந்து, காரணம் தெரிந்தும் அவளோடு சேர்ந்து கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த இவன் ஒரு பக்கம். எது அதிகம் குமட்டியது என்று அவளுக்குத் தெரியவில்லை. சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்தது. அவற்றிலும் புளிப்பு ஏறியிருந்தது.

மகேந்திரன் பள்ளத்தைச் சுரண்டினான், சோப்பு நீர் விட்டான், உறிஞ்சினான், வினிகர் தெளித்தான். பச்சை பிடித்துப்போன இணைப்பு முனைகளை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனைகள் போட்டான். ஹாஃப்கட் கடையிலிருந்து வந்த பெட்டியைப் பழைய இடத்தில் வைக்காமல், பின்னிருக்கையின் முதுகுக்குப் பின்னால் உயரத்தில் திருகினான்.

"இனிமே பாலு என்ன, போர்ட் டிக்சன் கடலே வந்தாலும் எட்டாது," என்று சொல்லி வானொலியைத் திறந்தான். நாதஸ்வரம் காரை அதிர வைத்தது. சீலன் தன்னையறியாமல் சிரித்தான். குழி விழுந்தது. ரோகினி பார்க்காதது போல் முன்னிருக்கையில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள்.

மந்தின் பாதையில் பாட்டு ஓடியது. ஜன்னல்கள் ஏறியிருந்தன. வினிகரின் காரத்துக்குக் கீழே இன்னும் கொஞ்சம் பால் வாடை.

"சத்தம் முன்னவிட நல்லா இருக்குல்ல, ரோகி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கோபமா?"

"கோபம் இல்ல. அருவருப்பா இருக்கு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பாட்டு அறுந்து, திரையில் 'அம்மா' என்று மின்னியது. வழக்கம்போல் அவன் விரல் ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அழுத்தியது. புது அம்ப் செல்லம்மாவின் குரலை நான்கு கதவுகளிலிருந்தும் கொண்டுவந்து கொட்டியது.

"சீலா! எத்தனை தடவைடா கூப்பிடுறது? காரு சரியாயிருச்சா?"

"ஆச்சும்மா."

"அப்பாடா. நாளைக்கு முனியாண்டி கோயில் பூசை. ஆடு வெட்டினதும் கறியைப் பங்கு பிரிச்சு தோட்டத்து லைன் வீடுங்களுக்குக் கொடுக்கணும். பூசை நடத்துற மங்கம்மாகிட்ட உன் காரு வரும்னு சொல்லிட்டேன். கார் பூட்ல பிளாஸ்டிக் விரிச்சுக்கலாம், ஒண்ணும் ஒழுகாது. தலையும் குடலும் மட்டும் தனியா வாளியில வச்சுக்குவோம். காலையிலேயே கோயிலுக்கு வந்துரு, என்ன?"

வாளி. ரோகினி ஜன்னலை இறக்கினாள். பக்கத்தில் சீலன் மூச்சை இழுத்தான். அந்த மூச்சு அவளுக்கு அத்துப்படி. அதன் முடிவில் எப்போதும் அந்த ஒரு சொல்தான் வரும்.

"சீலா? கேக்குதா?"

"கேக்குதும்மா. ச—"

ரோகினி கையை நீட்டி அவன் முழங்கையைப் பிடித்தாள். போனை அவள் அணைக்கவில்லை. தான் பேசுவது நான்கு கதவுகளுக்கு அப்பால், தோட்டத்து வீட்டின் சமையலறை வரைக்கும் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும்.  அவள் குரல் தாழவில்லை.

"என்னங்க, எனக்காக, இந்த ஒரு தடவை, அத்தைகிட்ட முடியாதுன்னு சொல்லுங்க."