விமானத்துக்கு ஒன்பது கிலோ அதிகம்

ஐம்பத்தெட்டு என்று ஏன் சொல்லித் தொலைத்தேன்? அறுபத்தேழு என்று சொல்லியிருந்தால் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

விமான நிலையத்தில், குட்டி விமானத்துக்குப் பக்கத்தில் தராசைப் பார்த்ததும் நர்ஸ் முனீஸ்வரியின் மனசுக்குள் ஓடியது இதுதான். இருந்தும் சிரிப்பு சிரிப்பாக வந்தது. கொரோனா இரண்டாம் அலையில் ஒரு தொழிலதிபர் தன் சொந்த விமானத்தை நோயாளிகளுக்காக இலவசமாக விட்டிருந்தார். கப்பலூர் தொழிலாளி இம்மானுவேலுக்குச் சென்னையில் ஒரு படுக்கை கிடைத்திருந்தது. துணைக்குப் போகிறவள் முனீஸ்வரி. முதல் தடவையாகப் பறக்கப் போகிறாள். மேலேயிருந்து வீட்டை அடையாளம் கண்டுபிடிக்க, காளவாசல் வீட்டு மாடியில் சிவப்புச் சேலையைக் காயப்போடச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"ஏறுங்க மதினி," என்றான் அருள்பாண்டி. அவள் கணவரின் தம்பி, தன்னார்வலர்களில் ஒருவன். வெங்காயக் கடைத் தராசைத் தூக்கி வந்தவனும் அவன்தான்.

பாதுகாப்பு உடையோடு ஏறினாள். அறுபத்தேழு.

"இம்புட்டு நாளா எங்கண்ணனையும் இப்படித்தான் ஏமாத்துறீகளா?"

"டிரஸ்ஸு கனம், கொழுந்தனாரே."

"டிரஸ்ஸு ஒம்பது கிலோவா?"

விமானி சூர்யபிரகாஷும் சிரித்துவிட்டார். ஆனால் கையிலிருந்த தாளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "நீங்க சொன்ன எடையை வச்சுத்தான் பெட்ரோல் போட்டிருக்கேன் மேடம். ஒம்பது கிலோ இறங்கியே ஆகணும்."

புளியோதரைத் தூக்குவாளி இறங்கியது. கைப்பை இறங்கியது. விமானி தன் பையையும் இறக்கி வைத்தார். ஒவ்வொன்று இறங்கும்போதும் முனீஸ்வரி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைதட்டினாள். இன்னும் நாலு கிலோ. ஆம்புலன்ஸில் கூட வந்த திவ்யா, அதே வார்டு நர்ஸ், நாற்பத்தெட்டு கிலோ, சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அருள்பாண்டி குரலைத் தாழ்த்தினான். "மதினி, ரெண்டாவது ஆக்சிஜன் சிலிண்டர் சும்மாதானே கெடக்கு. ஒன்னேகால் மணி நேரந்தான். ஒன்னு போதும்னு நீங்க சொன்னா பைலட் கேட்டுக்குவாரு."

போதும்தான். அநேகமாகப் போதும். தலையை ஆட்டினால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. தன் ஆசைக்கு இத்தனை நல்ல காரணங்கள் கைவசம் இருக்கும் என்று அவள் நினைத்ததேயில்லை. உள்ளே ஸ்ட்ரெச்சரில் இம்மானுவேல், ஆக்சிஜன் மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து அவளுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவருக்கும் இதுதான் முதல் விமானம்.

"அது உள்ளயே இருக்கட்டும், அருளு," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நோயாளியின் ஃபைலைத் திவ்யாவிடம் நீட்டினாள்.