நுவரெலியாவுக்கு மேலே ஒரு மணல்மேடு

1936ஆம் ஆண்டு மாரியிலிருந்து அடுத்த சோளகக் காற்று வரை இலங்கையின் மிக உயர்ந்த இடம், கற்பிட்டிக்குத் தெற்கே இரண்டு தென்னை உயரம்கூட இல்லாத ஒரு மணல்மேடாக இருந்தது. அதன் உச்சியில் நின்றவர்கள் நுவரெலியா மலைகளைக் குனிந்துதான் பார்த்தார்கள். நில அளவைக்காரர் வின்சன்ட் அளந்தார், கருவியைத் துடைத்தார், மறுபடியும் அளந்தார், பிறகு மதியச் சோற்றுக்குப் போய்விட்டார்.

மலேரியாவில் சேமக்காலை நிரம்பிப் புதைக்க இடமில்லாமல் போனபோது, பள்ளிக்கூட வாத்தியார் நிக்கொலஸின் மனைவி அனஸ்தாசியாவை அந்த மேட்டில் அடக்கியிருந்தார்கள். அங்கே காற்று கல்லறைகளை வாரிக்கொண்டு போய்விடும். ஆகவே ஆண்டுப் பூசை வரைக்கும் வீட்டார் கடற்கரை மணலைக் கூடையில் சுமந்து கொட்டுவது ஊர் வழக்கம். அதன் பின் ஆத்துமா ஆண்டவரின் பொறுப்பு; கூடையைக் கவிழ்த்துவிட வேண்டும். கொழும்புக் கல்லூரியில் படித்த நிக்கொலஸ் கவிழ்க்கவில்லை. பள்ளி விட்டதும் மணல் சுமந்தான்; மேடு உயர்ந்தது. அவன் அழுததை யாரும் பார்த்ததில்லை.

உயர்ந்த இடத்தில் தண்ணீர் நிற்காது. முதலில், விழுந்த தேங்காய்கள் குருநாகல் பக்கமாக உருண்டோடின. பிறகு கடலோரக் களப்பு நீர் வடிந்து சேறானது, இறால் கிழக்கே போனது, கிணறுகள் வற்றின. மதுரங்குளியிலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவந்த ஹாசிம் நானா கேட்டார்: "மாஸ்டர், நுவரெலியாக்காரனுக்கு நம்மட தண்ணி சும்மா போகுது. தேயிலைய மட்டும் அவன் சும்மா தாறானில்லையே?"

நிக்கொலஸ் அடுத்த கூடையை நிரப்பப் போனான். கடைசியில் மாமியார் கத்தரினா வெறும் வாளியோடு மேடேறி வந்தாள்.

"நிப்பாட்டினா காத்து கொண்டுபோயிரும், மாமி. எங்க கிடக்கிறாளெண்டே தெரியாமப் போயிரும்."

"ஓம், அது எனக்கும் தெரியும். அவள் என்ட பிள்ளை. நான் சொல்லாட்டி வேற ஆரு உங்களுக்குச் சொல்லுறது? கீழ, பக்கத்து வீட்டு றோசாட குழந்தைக்கு நாக்கு நனைக்கத் தண்ணியில்ல. கூடைய வையுங்க."

அவன் வைத்தான்.

சோளகம் மேட்டைத் தட்டையாக்கியது. சிலுவை சாய்ந்தது, பிறகு காணவில்லை. றோசாவின் கிணறு முதலில் ஊறியது. நுவரெலியா பழையபடி உயர்ந்தது. அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது.

மரித்தவர்களின் திருநாளில் ஊரார் தத்தம் கல்லறைக்குப் போனார்கள். எங்கே முழந்தாளிடுவது என்று தெரியாத நிக்கொலஸ் வெறும் மணலில் நடந்து, மெழுகுதிரி அணையாமல் நின்ற இடத்தில் அதை ஊன்றினான். இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. அனஸ்தாசியா நடக்கிறாள் என்று ஊர் எடுத்துக்கொண்டது. அந்த ஒருநாள் அப்பக்கம் யாரும் வலை காயப்போடுவதில்லை.