நூற்றெட்டு உருண்டை

ஐந்து மணிக்கு மூன்று அடுப்பும் எரிந்தன. வெல்லம் கரைந்து, வடிந்து, இரண்டாம் முறை கொதிக்கத் தொடங்கியிருந்தது. மலர்க்கொடி துடுப்பை அடிவரை இறக்கிக் கிண்டினாள். கை நின்றால் அடிப்பிடிக்கும். பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டாள். விரலால் திரட்டித் தட்டில் போட்டாள். கல் விழுந்த சத்தம் கேட்டது. பதம் சரி.

பாகு முந்திரியின் மேல் இறங்கியது. ஆறு பெண்கள் கையில் அரிசி மாவு தடவிக்கொண்டு மேடையைச் சுற்றி நின்றார்கள். சூடு ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும். ஆறினால் உதிரும். உள்ளங்கைத் தோல் முதல் மாதம் கொப்பளிக்கும், இரண்டாம் மாதம் உரியும், மூன்றாம் மாதத்திலிருந்து ஒன்றும் தெரியாது.

யாரும் பேசவில்லை. பேசக் கூடாது.

பரங்கிப்பேட்டை போகும் சாலையில், சவுக்குத் தோப்புக்கு நடுவில் இருந்தது மோனவழிச் சபை. இருபது பேர் அங்கேயே தங்கி, சாயம் போடாத துணி உடுத்தி, மௌனத்தில் இருந்தார்கள். அவர்களுடைய முந்திரி உருண்டை திருப்பாதிரிப்புலியூர்க் கடைகளிலும், அண்ணாமலை நகர் விடுதிகளிலும், சென்னையிலும் விற்றது. பெட்டியின் மேல் அச்சடித்திருந்தார்கள்: மௌனத்தில் உருட்டியது. ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு நாமம்.

அது பொய்யில்லை. ஓர் உருண்டைக்கு ஒரு முறை மனத்துக்குள் நாமம் சொல்ல வேண்டும். ஒரு தட்டுக்கு நூற்றெட்டு. தட்டு முடியும்வரை தலையைத் திருப்பக் கூடாது. திருப்பினால் அந்தத் தட்டு கணக்கில் வராது. ஏதாவது வேண்டுமென்றால் கதவோரச் சிலேட்டில் எழுதலாம். அவசரமென்றால் கரண்டியால் பாத்திர விளிம்பில் மூன்று முறை தட்டலாம். தட்டினால் அடுப்படியில் நிற்பவர்கள் வாசலைப் பார்க்க வேண்டும். மேற்பார்வைக்கு இருக்கும் சபை அன்பர் வாசலில் வந்து நிற்பார், கையால் சொல்வார்.

உருட்டிய பெண்கள் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. சுற்றுக் குப்பங்களிலிருந்தும் கொல்லைமேட்டிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். போன வருஷம் கூலிக்கு அருட்கொடை என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நீண்டது. கூலி குறைந்தது.

மேடையைச் சுற்றி ஏழு பேர் நிற்க இடம் இருந்தது. ஆறு பேரும் நெருங்கி நிற்கவில்லை. நடு அடுப்புக்கு நேரே ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டே நின்றார்கள். அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

மலர்க்கொடி உருட்டினாள். முதல் உருண்டைக்கு நாமத்தை நினைத்தாள். வந்தது. இரண்டாவதற்கு வரவில்லை. குப்பு என்று வந்தது. மூன்றாவதற்கும் குப்பு. தட்டு நிறையும்வரை குப்பு, குப்பு, குப்பு.

*

ஒரு மாதத்துக்கு முன், தீபாவளிக்கு ஆர்டர் ஏறியது. சபை பெரிய அண்டா வாங்கியது. அடுப்பு பழையது. நடு அடுப்பின் முன்கல் ஆடியது. அங்கே நின்ற குப்புவுக்கு எழுதத் தெரியாது. அவள் சைகை காட்ட, மலர்க்கொடி சிலேட்டில் எழுதினாள்: நடு அடுப்புக் கல் ஆடுது. மூன்று நாள் எழுதினாள். மாலையில் சிலேட்டைத் துடைப்பது சபை வழக்கம். மூன்று நாளும் துடைத்தார்கள்.

நாலாம் நாள் காலை குப்பு குனிந்து விறகைத் தள்ளினாள். பக்கத்து அடுப்பிலிருந்து மலர்க்கொடி பார்த்தாள். அண்டா மெல்லச் சாய்ந்தது. ஓர் உருண்டை உருட்டும் நேரம் இருந்தது. குப்பூ என்று கத்த அது போதும்.

அவள் கத்தவில்லை. கரண்டியை எடுத்து மூன்று முறை தட்டினாள்.

குப்பு நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள்.

பிறகு குப்பு கத்தினாள். ஒன்பது வருஷத்தில் அந்தக் கூடத்தில் கேட்ட முதல் குரல் அதுதான்.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். செத்துப்போனாள்.

அதற்குப் பிறகு மலர்க்கொடி வீட்டில் மகனுக்குச் சோறு உருட்டிக் கொடுத்தாள். அதிலும் குப்பு வந்தாள். அன்றிலிருந்து அவனைத் தட்டில் பிசைந்து தின்னச் சொன்னாள். ஏம்மா என்று கேட்டான். பெரிய பையனாயிட்ட என்றாள்.

குப்புவின் புருஷன் பஞ்சநாதன் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தினமும் காலையில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு சபை கேட்டுக்கு வெளியே நின்றார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கார்த்திகை மழையிலும் நின்றார். மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டு அவரைக் கடந்தாள். அவர் கேட்டால் பரவாயில்லை என்று இருந்தது.

*

அன்று சாப்பாட்டு மணி அடித்தபின் மலர்க்கொடியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நிர்வாகி செந்தமிழ்செல்வன் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். குரல் உயர்த்தமாட்டார். குப்பு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு நாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அம்மா விசாரிக்க வருகிறார் என்றார். ஒரு தாளை நகர்த்தினார். மலர்க்கொடி படித்தாள். குப்பு தன் விருப்பத்தில் தொண்டு செய்ய வந்தவள், அடுப்பு வேலை அவளுக்குக் கொடுக்கப்படவில்லை, கால் வழுக்கி விழுந்தாள் என்று இருந்தது. கீழே உருட்டும் ஆறு பேரின் பெயர். தமிழ்ச்செல்வியின் பெயருக்கு நேரே கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

வேலைக்காரி என்று எழுதினால் குப்புவின் குடும்பத்துக்கு நட்டஈடு உண்டு. அவள் மகள் மோனிகா சிதம்பரத்தில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தாள். தொண்டர் என்று எழுதினால் ஒரு மாலை உண்டு. அதை ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

"இங்க வேலைக்காரங்கன்னு யாரும் இல்லம்மா. எல்லாரும் தொண்டு செய்றவங்க. உனக்கே தெரியும்."

"போன மாசம் எம் புள்ளைக்கு ஜொரம்னு ரெண்டு நாள் வரல சார். தொண்டுல ரெண்டு நாள் புடிச்சீங்க."

விஷயம் வெளியே போனால் ஆர்டர் நிற்கும், கூடம் மூடும், ஆறு குடும்பம் என்ன செய்யும் என்று கேட்டார். உண்மையான கவலையோடு கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீதான் பக்கத்து அடுப்புல இருந்த. நாளைக்கு மொதக் கேள்வி உன்கிட்டதான் வரும். ஏன் கத்தலன்னு கேப்பாங்க. பஞ்சநாதனும் அங்க நிப்பாரு. நீ தாங்கமாட்டம்மா."

அண்டா சாய்ந்ததைப் பார்த்ததை மலர்க்கொடி யாரிடமும் சொன்னதில்லை.

"நான் பாத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கரண்டிச் சத்தம் கேட்டுது. பாகு அடுப்புகிட்ட இருந்தவ நீ ஒருத்திதான்."

"கேட்டுதா? கேட்டும் ஏன் சார் வரல?"

வெளியே மழை ஓட்டில் அடித்தது. செந்தமிழ்செல்வன் தாளைப் பார்த்தார்.

"தியானத்துல இருந்தேன்," என்றார்.

மலர்க்கொடி தாளை அவர் பக்கமே நகர்த்தினாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

*

சாப்பாட்டுக் கொட்டகை கூடத்துக்குப் பின்னால் இருந்தது. அங்கே பேசலாம். ஆனாலும் குப்பு போனபின் அங்கேயும் பேச்சு குறைந்திருந்தது. தூக்குச்சட்டியைத் திறந்தார்கள், தின்றார்கள், மூடினார்கள்.

மலர்க்கொடி தூக்கைத் திறக்கவில்லை.

"எனக்கு நாமம் வரல," என்றாள். "உருட்டுனா குப்புன்னுதான் வருது. தட்டு முழுக்க."

யாரும் மெல்லவில்லை. கடைசியில் இருந்த அனுப்பிரியாதான் முதலில் வாய் திறந்தாள். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"எனக்கும்க்கா."

அக்கா தங்கை இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் அப்படித்தானாம். ஒரே வீட்டில் படுத்து எழுந்தும் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லவில்லை.

மங்கலம் வெற்றிலையைத் துப்பினாள். ஆறு பேரில் மூத்தவள்.

"அப்ப ஒரு மாசமா சென்னைக்குப் போன பொட்டியில பூரா நம்ம குப்புதான். தின்னவன் நெஞ்சுல எத்தினி பேருக்கு அடைச்சிக்கிட்டு நிக்கிறாளோ."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

மலர்க்கொடி அப்போது எல்லாவற்றையும் சொன்னாள். அண்டா சாய்ந்ததைப் பார்த்ததை, வாய் வராததை, கரண்டியைத் தட்டியதை, குப்பு வாசல் பக்கம் திரும்பியதை. சொல்லி முடித்து, அவர்கள் எழுந்து போவதற்காகக் காத்திருந்தாள்.

"கரண்டிச் சத்தம் எனக்குக் கேட்டுது," என்றாள் மங்கலம். "நான் திரும்பல. தொண்ணூத்தி ரெண்டு உருட்டியிருந்தேன். இன்னும் பதினாறுதான், முடிச்சிட்டுப் பாக்கலாம்னு இருந்துட்டேன்."

அவளிடமிருந்து அப்படிக் குத்தலில்லாமல் ஒரு வார்த்தை யாரும் கேட்டதில்லை.

அனுப்பிரியாவும் கேட்டிருந்தாள். அக்காவும் தங்கையும் கேட்டிருந்தார்கள். ஆளுக்கு எத்தனையாவது உருண்டை என்று ஞாபகம் இருந்தது. நாற்பது. எழுபத்தொன்று. நூற்று மூன்று. ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் கொன்றதாக நினைத்து ஒரு மாதம் உருட்டியிருந்தார்கள்.

தமிழ்ச்செல்வி மட்டும் தலை தூக்கவில்லை. அவள் புருஷன் ஜெயப்பிரகாஷ் சபை வேன் ஓட்டினான். தான் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். இனி என்ன செய்ய முடியும் என்றாள்.

"கை போட்டுது," என்றாள் மங்கலம். "வாய் இன்னும் உன்கிட்டதான இருக்கு?"

"அவுரு வேலை போயிடும்க்கா."

"போவலாம். நம்முளுதும்தான் போவும். உனுக்கு மட்டும் போவாது."

தமிழ்ச்செல்வி தூக்கை மூடினாள். பிறகு, அந்தக் கல் ஆடியதைத் தானும் பார்த்ததாகச் சொன்னாள். சிலேட்டில் மலர்க்கொடி எழுதியதைத் தானே ஒரு நாள் துடைத்ததாகவும் சொன்னாள். அன்று அவள் முறை.

போகும்போது மலர்க்கொடி கேட்டில் நின்றாள். பஞ்சநாதன் மழைக்கு பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டிருந்தார். அவரிடமும் அதையே சொன்னாள். வரிசை மாறாமல் சொன்னாள்.

அவர் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"கத்தியிருக்கலாமே தாயி."

அவள் நின்றாள். அதற்குமேல் நிற்க முடியாது என்று தோன்றியபின்னும் நின்றாள்.

"நாளைக்கு அதையே சொல்லு," என்றார். "எதையும் முழுங்காத."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் அதைக் கேட்க வரவில்லை.

*

மறுநாள் வியாழக்கிழமை ஐந்து மணிக்கு ஆறு பேரும் வந்தார்கள். அடுப்பு மூட்டவில்லை. வெல்ல மூட்டையைப் பிரிக்கவில்லை. மேடையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து பேசினார்கள்.

முதலில் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அந்தச் சுவர்களுக்குள் குரல் வேறு மாதிரி இருந்தது. அனுப்பிரியா மழையைப் பற்றிச் சொன்னாள். தங்கை, புயல் கூண்டு ஏற்றியதால் மீன் விலை ஏறியதைச் சொன்னாள். மங்கலம் மருமகளைத் திட்டினாள். பிறகு குப்புவைப் பற்றிப் பேசினார்கள். அவள் சுறாப் புட்டில் உப்பு ஜாஸ்தி போடுவாள். எட்டு வருஷம் எதிரெதிரே நின்றும் அவளுக்குப் பாட வரும் என்பது மங்கலத்துக்கு ஆஸ்பத்திரியில் பஞ்சநாதன் சொல்லித்தான் தெரிந்தது.

மேற்பார்வை அன்பர் வாசலில் வந்து உதட்டில் விரல் வைத்தார். இளைஞர். முகம் வெளுத்திருந்தது.

"வா தம்பி, உக்காரு," என்றாள் மங்கலம்.

அவர் உட்காரவில்லை. போகவும் இல்லை.

செந்தமிழ்செல்வன் வந்தார். இது பிரார்த்தனைக் கூடம் என்றார். சென்னைக்கு இன்று பெட்டி போக வேண்டும் என்றார். ஒன்றின்பின் ஒன்றாகச் சொன்னதால் இரண்டும் சிறிதாகிவிட்டன. பெட்டி போகாது என்று மலர்க்கொடி சொன்னாள். வேன் சாவி ஜெயப்பிரகாஷிடம் இருந்தது. அவன் வேனுக்குள் உட்கார்ந்து கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கவுமில்லை, வண்டியை எடுக்கவுமில்லை.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. விசாரிக்க வந்த அம்மா நனைந்த குடையை மடக்கிவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்தார். கையில் சபை கொடுத்த தாள் இருந்தது. ஒவ்வொருத்தராக அனுப்பச் சொன்னார். அதுதான் முறை என்றார்.

ஆறு பேரும் ஒன்றாக உள்ளே போனார்கள். பின்னால் பஞ்சநாதன் சாக்கை வாசலில் உதறிவிட்டு வந்தார். அவரைத் தடுக்க யாரும் கை நீட்டவில்லை.

"ஒவ்வொருத்தரான்னுதானே சொன்னேன்?"

"ஒருத்தி சொல்றத மத்தவங்க கேக்கணும் மேடம்," என்றாள் மலர்க்கொடி. "கேக்காமதான் இவ்ளோ தூரம் வந்துட்டுது."

அந்த அம்மா அறையைப் பார்த்தார். நாற்காலி இரண்டுதான் இருக்கிறது என்றார்.

"நின்னே வேல செஞ்சவங்க மேடம்," என்றாள் மங்கலம். "நின்னே சொல்றோம்."

இதனால் ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்று அந்த அம்மா முகத்தில் தெரிந்தது. சபைக்கு வக்கீல் உண்டு. பெரிய இடத்து ஆட்களும் உண்டு. அவர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்தார். பெயர் கேட்டார். ஊர் கேட்டார். என்ன வேலை என்று கேட்டார்.

"கூலி வேலை," என்றாள் மலர்க்கொடி.

தமிழ்ச்செல்வி அவள் பக்கத்தில் வந்து தோள் இடிக்க நின்றாள்.

"அன்னைக்கு அண்டா சாஞ்சத நான் பாத்தேன். கத்தல. ஏன் கத்தலன்னு சொல்றேன், எழுதிக்குங்க," என்றாள் மலர்க்கொடி.

பேனா தாளில் இறங்கியது.