முதன்மை ஓட்டுநர்

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய மனிதரைப் பார்த்துப் "புதிய ஓட்டுநர்" என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதுவும் நிதானத்தைப் பார்த்து! நிதானம் என்பது டிப்போவில் அவருக்கு விழுந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மெக்கானிக்கிலிருந்து மேனேஜர் வரைக்கும் அவர் நிதானம்தான். அந்த நிதானம் அன்று காலை நிதானத்தை மொத்தமாக இழந்து, ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"இன்சூரன்ஸ்காரனுக்கு நான் புது டிரைவராம்! நேத்து லைசென்ஸ் வாங்கின சின்னப் பசங்களுக்கு என்ன ரேட்டோ அதே ரேட்டாம். கேட்டியா கதைய?"

அவருடைய மனைவி, வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸம்மா, பையில் பஞ்சும் பேண்டேஜும் எடுத்து வைத்தபடியே கேட்டாள்.

"பஸ் ஓட்டினதச் சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பனா? பஸ்ஸுக்கு இன்சூரன்ஸ் எடுத்தது உங்க ஆபீஸ், நீங்க இல்லைங்கிறான். என் பேர்ல சொந்த வண்டி இருந்ததே இல்லையாம். அதனால எனக்கு வரலாறே கிடையாதாம்!"

விஷயம் இதுதான். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தார்கள். வீட்டுக்காரம்மா கீழ் மாடியில் இருந்தாள். நல்ல மனுஷிதான், ஆனால் சாவியைக் கொடுக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "மாசக் கடைசிக்குள்ள வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்து பேப்பரைக் காட்டிடுங்க. முன்னாடி இருந்தவங்க குழாயத் திறந்து விட்டுட்டு ஊருக்குக் கிளம்பிட்டாங்க. என் வீட்டு ஹால்ல மழை பெஞ்சுது." அதே வாரம்தான் நிதானம் ஓய்வுப் பணத்தில் ஒரு வெளிர் நீலக் காரையும் வாங்கியிருந்தார். பழைய கார்தான், இருந்தாலும் வாழ்க்கையில் முதல் சொந்த வண்டி. காருக்கும் வீட்டுக்கும் ஒரே கம்பெனியில் எடுத்தால் சலுகை என்றார்கள். சரி, ஒரு நல்ல கம்பெனியாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தவருக்குத்தான் இந்த அவமானம்.

நர்ஸம்மாவின் கதை வேறு. ஒன்பது வருஷமாக அவளிடம் ஒரு குட்டிக் கார் இருந்தது. போன மாதம்தான் அது உயிரை விட்டுப் பழைய இரும்புக்குப் போனது. இன்சூரன்ஸ் அவள் பெயரில், ஒன்பது வருஷத்தில் ஒரு கீறல் இல்லை. அந்தக் காரை நிதானம் ஒருநாள்கூட ஓட்டியதில்லை. "நாள் பூரா ஊரைச் சுமக்கிறேன், லீவு நாள்லயாவது என்னை யாராச்சும் சுமக்கட்டும்" என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வார். காலும் கையும்தான் ஓய்வில் இருக்கும். வாய்க்கு ஏது ஓய்வு? கண்ணாடியப் பாரு, அந்த லாரிக்காரன் திரும்பப் போறான், இப்பவே வேகத்தக் குறை, சைக்கிள், சைக்கிள், சைக்கிள் என்று வீட்டு வாசல்வரை விடமாட்டார். அவளும் "பாத்துட்டேங்க, பாத்துட்டேங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவாள்.

ஆக, கம்பெனிக்காரன் கணக்குப்படி அவள் பழம் தின்று கொட்டை போட்ட ஓட்டுநர். இவர் கத்துக்குட்டி. இவர் பெயரை முதலில் போட்டால் கட்டணம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பணம்கூடப் பெரிதில்லை என்றார் நிதானம். தன் முப்பத்தொரு வருஷத்தை யாராவது ஒருத்தன் மதிக்கவேண்டும், தன் காரின் பாலிசியில் தன் பெயர் முதலில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அன்று சாயங்காலம் வீட்டுச் சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்தார்கள். வாடகை வீட்டு இன்சூரன்ஸுக்கு அது வேண்டும். டிவி, பிரிட்ஜ், கட்டில், தையல் மிஷின் என்று வரிசையாகப் போய், டிப்போவில் கொடுத்த கேடயத்தில் வந்து நின்றது. விபத்தில்லா ஓட்டுநர் என்று பொறித்த கேடயம்.

"இதுக்கு என்ன விலை போடுறது?" என்றார்.

"பித்தளை என்ன விலையோ அது."

"உனக்குக் கிண்டலா இருக்கு" என்று பேனாவை மூடிவிட்டார். பிறகு அவரே திறந்து, விலைமதிப்பற்றது என்று எழுதினார். நர்ஸம்மா அதை அடித்துவிட்டு ஒரு சின்னத் தொகையை எழுதினாள்.

இரண்டாவது கம்பெனி போனுக்குள் இருக்கிற கம்பெனி. அலுவலகமும் கிடையாது, ஆளும் கிடையாது. ஒரு ஆப்பைப் போனில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் ஓட்டவேண்டும். எப்படி ஓட்டுகிறோம் என்று அதுவே பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடும். நிதானத்துக்குத் தலைகால் புரியவில்லை. "அப்படிச் சொல்லு! வரலாறு கிரலாறுன்னு பேசாம, உக்காந்து பாரு நான் ஓட்டுறத!" நர்ஸம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் அவள் ஓட்டுவது, மற்ற நேரத்தில் இவர் ஓட்டுவது என்று ஏற்பாடு. வேலையே இல்லாமல் நாலு தடவை மார்க்கெட்டுக்குப் போய் வந்தார். கீரைக்கட்டு வாங்கக்கூடக் கார்தான்.

வாரக் கடைசியில் மதிப்பெண் வந்தது. நர்ஸம்மாவுக்குத் தொண்ணூற்று மூன்று. நிதானத்துக்கு ஐம்பத்து நாலு.

"போன் மாறிப் போச்சு" என்றார் முதலில். மாறவில்லை. "அப்போ போன்ல ஏதோ கோளாறு" என்றார். நர்ஸம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விவரத்தைப் படித்தாள். திடீர் பிரேக், இருபத்தொன்பது முறை. வளைவில் தேவையில்லாமல் அகலமாகத் திரும்புதல், பதினாறு முறை. அவளுக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸின் பெடலை மிதித்து மிதித்துப் பழகிய கால். அந்தக் கால் இந்தச் சின்ன பிரேக்கைத் தொட்டால் கார் தூக்கிப் போடாமல் என்ன செய்யும்? பின்னால் நாற்பது அடி வண்டி வருகிற நினைப்பில்தான் தெருமுனையில் திரும்புகிறார். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. பாவம், மனிதர் அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் அவளே களத்தில் இறங்கினாள்.

"ஏங்க, நாம கேட்டதெல்லாம் பாலிசி விக்கிற நம்பர்ல. விக்கிறவங்க எப்பவும் இனிக்க இனிக்கத்தான் பேசுவாங்க. வண்டி மோதினா எந்த நம்பர்ல கூப்பிடணுமோ அதுல கூப்பிட்டுப் பாக்குறேன்."

முதல் கம்பெனியில் பாட்டுப் போட்டார்கள். அது முடிவதற்குள் அவள் துவைத்த துணி முழுவதையும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். ஆப் கம்பெனி, உங்கள் பிரச்சினையை எட்டுச் சொல்லுக்குள் தட்டச்சு செய்யுங்கள் என்றது. "ரத்தம் கொட்டிக்கிட்டிருக்கும்போது எட்டு வார்த்தை எண்ணிக்கிட்டா இருப்பாங்க?" என்று வைத்துவிட்டாள். வீட்டுக்காரம்மா ஒரு சின்னக் கம்பெனியின் நம்பரைக் கொடுத்திருந்தாள், ஹாலில் மழை பெய்தபோது பணம் கொடுத்த கம்பெனி. இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள்.

"சொல்லுங்க, யாருக்கும் அடி ஏதும் படலையே?"

பாலிசி நம்பர் என்ன, பெயர் என்ன என்று எதுவும் கேட்கவில்லை. முதல் கேள்வியே அதுதான். நர்ஸம்மா அப்படியே உருகிப் போனாள். இருபது வருஷமாக அவள் கதவைத் தட்டியதும் கேட்கிற கேள்வியும் அதுமாதிரிதானே. "இல்லம்மா, அடி கிடி ஒண்ணும் இல்ல. சும்மா நீங்க எடுக்குறீங்களான்னு பாத்தேன்" என்று உண்மையைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "தாராளமா பாருங்கம்மா. நேர்லயும் வந்து பாருங்க."

கம்பெனி முடிவாகிவிட்டது. பெயர்தான் பாக்கி.

கிளம்பும்போது நர்ஸம்மா சாவியை அவரிடமே நீட்டினாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். நிதானம் இரண்டு பாலம், மூன்று சிக்னல் எல்லாம் ஒழுங்காகத்தான் கடந்தார். மார்க்கெட் ரோட்டில் பஸ் ஸ்டாப் நிழற்குடையின் கீழ் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நிதானம் இண்டிகேட்டரைப் போட்டார். அழகாக ஓரம் கட்டினார். கூட்டத்துக்கு நேராக, அங்குலம் பிசகாமல் நிறுத்தினார். கை தானாகப் பஸ்ஸின் கதவுச் சுவிட்சைத் தேடி எதையோ தட்டியது. சுள்ளென்ற வெயிலில் வைப்பர் ஓட ஆரம்பித்தது.

ஒரு பெரியவர் பையோடு வந்து பின்கதவைத் திறந்து, "ஆஸ்பத்திரி போகுமா?" என்றார்.

"போகாதுங்க ஐயா. பின்னாடி வண்டி வருது" என்றார் நிதானம், பழக்கதோஷத்தில்.

பெரியவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். நர்ஸம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, பீறிட்டுக்கொண்டு வந்தது. நிதானம் முறைத்தார். வைப்பர் இன்னும் காய்ந்த கண்ணாடியைக் கீச்சுக் கீச்சென்று தேய்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்தபோது ஐம்பத்து நாலு மதிப்பெண் சரியானதுதான் என்று அவருக்கே தெரிந்துபோயிற்று.

போனை எடுத்த அந்த ஏஜென்ட் பெண்ணின் அலுவலகம் ஒரு லாண்டரிக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு மேஜை, அடிக்கடி பேப்பரைக் கடித்துக்கொள்கிற ஒரு பிரிண்டர், சுவரோரம் மூன்று நாற்காலி. வீட்டு இன்சூரன்ஸ் பத்து நிமிஷத்தில் முடிந்தது. குழாய் உடைந்து கீழ் வீட்டில் தண்ணீர் இறங்கினால் அதற்கும் சேர்த்துத்தான் என்று அவள் விரலை வைத்துப் படித்துக் காட்டினாள். பிறகு காருக்கு வந்தாள்.

"முதன்மை ஓட்டுநர் யாரு சார்?"

நிதானம் வாயைத் திறப்பதற்குள் நர்ஸம்மா முந்திக்கொண்டாள். "அவர்தான். அவர் பேரையே முதல்ல போடுங்க."

ஏஜென்ட் பெண் எதையோ தட்டிப் பார்த்தாள். "நிறைய ஏறுதேம்மா. அது போகட்டும், தினமும் யாரு அதிகமா ஓட்டுவாங்க? அவங்க பேர்தான் வரணும். பொய்யா எழுதினா நாளைக்கு கிளைம் வரும்போது உங்களுக்குத்தான் கஷ்டம்."

"பொய் இல்லம்மா. இனி அவர்தான் ஓட்டப் போறாரு. நான் வேலைக்கு பஸ்ல போய்க்கிறேன்."

நிதானம் திரும்பிப் பார்த்தார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டு, மேஜையைப் பார்த்தபடி இருந்தாள். பஸ்ஸில் எப்படிப் போவாள் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவளுடைய முதல் நோயாளி வீட்டுக்கு ஏழு மணிக்குப் போகவேண்டும். அந்த ரூட்டில் முதல் வண்டியே ஆறே முக்காலுக்குத்தான். இரண்டு இடத்தில் மாறவேண்டும். இரண்டாவது ஸ்டாப்பில் நிழற்குடை கிடையாது, மழை என்றால் நனைந்துகொண்டுதான் நிற்கவேண்டும். ஒரு பெயர் முதலில் வருவதற்காக இவள் அங்கே மருந்துப் பையோடு நிற்கத் தயாராகிவிட்டாள்! அவருக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

"வேணாம்மா. அவ பேரைப் போடுங்க" என்றார்.

"ஏங்க..."

"நீ சும்மா இரு." அவர் ஏஜென்ட் பெண் பக்கம் திரும்பினார். "நான் முப்பத்தொரு வருஷம் ஓட்டினேன்மா, ஒரு விபத்து இல்ல. உண்மைதான். ஆனா என் தலைக்குப் பின்னாடி ஒரு போர்டு இருந்துச்சு. ஓட்டுநரிடம் பேசாதீர்கள்னு பெருசா எழுதியிருக்கும். அறுபது பேர் ஏறினாலும் ஒரு பய பேசமாட்டான். இவளுக்கு அந்த போர்டு இல்ல. ஒன்பது வருஷமா நான் பக்கத்துல உக்காந்து வாய் ஓயாம கத்திக்கிட்டு வந்தேன். அப்படியும் ஒரு கீறல் இல்ல. என்னால முடிஞ்சிருக்காதும்மா, சத்தியமா முடிஞ்சிருக்காது."

ஏஜென்ட் பெண் சிரிக்கவில்லை. நர்ஸம்மாவின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு முதல் வரியில் ஏற்றினாள். நர்ஸம்மா கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடுவதுபோல ரொம்ப நேரம் குனிந்திருந்தாள்.

"ரெண்டாவது ஓட்டுநர், கார் அனுபவம் சார்?"

"ஒரு வாரம்" என்றார் நிதானம்.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். நிதானம் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு லாரி திரும்பியது, அவர் பேசவில்லை. ஒரு நாய் குறுக்கே வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டு சிக்னல் தாண்டியதும் அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஓட்டுறவகிட்டப் பேசக்கூடாதுன்னு இருக்கேன்."

"அய்யோ, அதெல்லாம் வேணாங்க" என்றாள் அவள். "காலையில ஆறரைக்குத் தனியா வண்டிய எடுக்கும்போது ரோடே வெறிச்சுன்னு இருக்கும். கண்ணாடியப் பாரு, லாரியப் பாருன்னு உங்க குரல்லயே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டுத்தான் இத்தனை வருஷமும் ஓட்டினேன். பேசிக்கிட்டே வாங்க."

நிதானம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முன்னாடி சைக்கிள்" என்றார்.

"பாத்துட்டேங்க" என்றாள்.