அன்றைக்கு வந்த நான்காவது துணைத்தலைவி

1

ஒரு பெண்ணைப் பார்த்து நான் சிரித்ததால்தான் இந்தக் கதையை எழுத வேண்டி வந்தது. வாய்விட்டுச் சிரிக்கவில்லை, அந்த அளவுக்கு மரியாதை தெரியும். தலையைக் குனிந்துகொண்டு காகிதத்தில் "இன்றைக்கு நான்காவது" என்று எழுதினேன். அப்போது நான் ஜப்பானில் ஹிமேஜி நகரத்தில், சாப்பாட்டு டப்பாக்களுக்கு மூடி செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தேன். நேர்முகத் தேர்வு மேசையில் கடைசி நாற்காலி என்னுடையது. அதில் உட்கார்பவன் வாய் திறக்கக் கூடாது, குறிப்பு மட்டும் எடுக்கலாம். மன்னிப்புக் கேட்கத் துப்பில்லாதவன் கதை எழுதுவான் என்பதற்கு நானே சாட்சி.

பெயரை மாற்றிவிட்டேன். கதையில் அவள் சிகுசா.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கறுப்புக் கோட்டும் கறுப்புப் பையுமாக ரயிலிலிருந்து இறங்கிய சிகுசா..."

(வேண்டாம். வேலை தேடுகிற அத்தனை பெண்களுக்கும் அதே கோட்டு, அதே பை, அதே கொண்டை. அந்த நடைமேடையில் சிகுசா யார் என்று எனக்கே தெரியவில்லை.)

இரண்டாவது முயற்சி: "அதுவரை நாற்பத்திரண்டு கம்பெனிகள் சிகுசாவுக்காகப் பிரார்த்தனை செய்திருந்தன."

இது பரவாயில்லை. எங்கள் ஊரில் வேலை இல்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "தங்கள் வருங்காலம் சிறக்கப் பிரார்த்திக்கிறோம்" என்று கடிதம் வரும். கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம்.*

* புத்தாண்டு தவிர கோயில் பக்கம் எட்டிப் பார்க்காத ஜனங்கள் நாங்கள். மிச்சமிருக்கிற பக்தியையெல்லாம் வேலை கிடைக்காதவர்கள் தலையில் கொட்டிவிடுகிறோம்.

3

மாதம் நவம்பர். மார்ச்சில் பட்டம். புதுப் பட்டதாரிகளைத்தான் கம்பெனிகள் கூண்டோடு எடுக்கும். அந்தத் தகுதி ஆயுளில் ஒரே ஒரு தடவை. வேலை கையில் இல்லாமல் பட்டம் வாங்கினால் நேற்று வடித்த சோறு மாதிரிதான், யாரும் சீண்ட மாட்டார்கள். அதற்குப் பயந்து வேண்டுமென்றே பரீட்சையில் தோற்று இன்னொரு வருஷம் மாணவராகவே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. சிகுசாவின் வீட்டில் அதற்கு வசதியில்லை. மற்ற இடங்களில் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். மூடிக் கம்பெனிதான் கடைசி.

படிப்பில் குறையில்லை, பேச்சிலும் குறையில்லை. அவளுடைய குற்றம் வேறு.

"மாணவப் பருவத்தில் எதற்காக மெனக்கெட்டீர்கள்?" என்று கேட்காத கம்பெனி கிடையாது. கல்லூரியில் ஏதோ ஒரு மன்றத்தின் தலைவர் என்று புளுகினால், ஒரு மன்றத்துக்கு ஒரு தலைவர்தான், விசாரித்தால் குட்டு உடைந்துவிடும். வெறும் உறுப்பினர் என்றால் எடுபடாது. ஆகவே பிள்ளைகள் எல்லாரும் துணைத்தலைவர் ஆகிவிட்டார்கள். தலைவர் ஒருவர், துணைத்தலைவர் நாற்பது பேர் என்பதுதான் இன்றைக்கு எங்கள் நாட்டு மன்றங்களின் அமைப்பு.

சிகுசா செய்த குற்றம், அவள் உண்மையிலேயே துணைத்தலைவி. பதினோரு பேர் கொண்ட சிறுகுன்று ஏறுவோர் மன்றத்தில் மூன்று வருஷம்.

கல்லூரியில் வேலைவாய்ப்பு ஆலோசகராக இருந்த ஓரிஹாரா அம்மையார் அவளுடைய விண்ணப்பத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பொருளாளர்னு மாத்திக்கோம்மா. இந்த வருஷம் பொருளாளருக்குத்தான் பஞ்சம்."

"நான் நிஜமாவே துணைத்தலைவிதாங்க."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க," என்றார் அம்மையார், அன்பாகத்தான்.

4

இங்கே எனக்கு சிகுசாவின் மேலேயே சந்தேகம் வருகிறது. இப்படி ஒரு அரிச்சந்திரியை வாசகர் நம்ப வேண்டுமே. அவளையும் ஒரு பொய் சொல்ல வைக்கிறேன். (நான் வைக்கவில்லை. குறிப்பேட்டில் இருக்கிறது.)

தேர்வறையில் மூன்று பேரை ஒன்றாக உட்காரவைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் நடுநாயகமாகப் பிரிவுத் தலைவர் குகிமியா, அவருக்கு இடப்பக்கம் ஆளெடுப்பைக் கவனிக்கிற சஷிதே அம்மா, வலக்கோடியில் நான். எங்கள் கம்பெனியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று குகிமியா கேட்டார். சின்ன வயதிலிருந்தே டப்பா மூடி திறக்கிற சத்தம் தனக்கு உயிர் என்றாள் சிகுசா. அது அப்பட்டமான புளுகு. நாற்பத்து மூன்றாவது கம்பெனியிடம் வேறு என்ன சொல்ல முடியும்? குகிமியாவின் முகம் மலர்ந்துவிட்டது. முப்பது வருஷமாக மூடி செய்கிற மனிதர், யாராவது இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்திருப்பார் பாவம்.

அடுத்து அந்த மெனக்கெட்ட கேள்வி வந்தது. முதலில் இருந்த சுகுதா என்ற பையன் டென்னிஸ் மன்றத் துணைத்தலைவர் என்றான். அடுத்தவள் பாட்டு மன்றத் துணைத்தலைவி. காலையில் ஏற்கெனவே ஒரு துணைத்தலைவர் வந்து போயிருந்தார். சிகுசாவின் முறை வந்தபோது அவள் ஒரு கணம் தயங்கியதைப் பார்த்தேன். பொருளாளர் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"இன்னிக்கு என்ன, துணைத்தலைவர் மாநாடா?" என்றார் குகிமியா. எல்லாரும் சிரித்தார்கள், நான் குனிந்து சிரித்தபடி அந்த 'நான்காவது' குறிப்பை எழுதினேன். அவளுக்குப் பக்கத்திலிருந்த இரண்டு போலிகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

"சரி, குன்று ஏறறதுல துணைத்தலைவிக்கு அப்படி என்ன வேலை?"

5

அவள் சொல்லியிருக்கக்கூடிய பதில்கள்:

அ) "ஆளுக்கொரு கருத்து வரும்போது, பல்சக்கரங்களுக்கு நடுவே எண்ணெய் போல..." (எழுதும்போதே கொட்டாவி வருகிறது. ஆளாளுக்கு இதையே சொல்லி, அந்த வருஷம் மட்டும் எங்களிடம் ஒரு பீப்பாய் எண்ணெய் வந்து சேர்ந்தது.)

ஆ) "உண்மையில் தலைவர் ஒன்றுமே செய்ய மாட்டார், எல்லாம் நான்தான்..." (ஆளைக் காட்டிக்கொடுக்கிறவள் என்று ஒரு குறிப்பு விழும்.)

இ) அவள் சொன்னது:

"கடைசியில நடப்பேங்க."

"கடைசியிலன்னா?"

"தலைவர் முன்னாடி போவார். நான் எல்லாருக்கும் பின்னாடி. யாரு ரொம்ப மெதுவா நடக்கறாங்களோ, அவங்க வேகந்தான் என் வேகம். மூணு வருஷத்துல இருபத்தாறு குன்று. அதுல பதினோரு குன்றுக்கு உச்சியை நான் பார்க்கலை. இனிமே முடியாதுன்னு யாராவது உட்கார்ந்துடுவாங்க. கூடவே உட்கார்ந்துக்குவேன்."

"உட்கார்ந்து தைரியம் சொல்லுவீங்களாக்கும்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்க. உன்னால முடியும், முடியும்னு சொன்னா அழுதுடறாங்க. சோத்து உருண்டையைப் பிரிச்சு ஆளுக்குப் பாதி சாப்பிடுவோம்."

நான் குறிப்பெடுக்க மறந்துபோனேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க," என்றார் குகிமியா.

பரிகாசமில்லை, பாராட்டாகத்தான் சொன்னார். பக்கத்தில் சுகுதாவின் உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அடுத்த கம்பெனிக்காக அதை உருப்போட்டுக்கொண்டிருந்தான் என்பது என் ஊகம்.

6

கடைசியாக, எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று சஷிதே அம்மா கேட்டார். இதற்கும் மனப்பாடப் பதில்கள் உண்டு. பயிற்சி எத்தனை மாதம், வெளிநாட்டில் கிளை திறப்பீர்களா, இப்படி. மற்ற இருவரும் அவற்றைக் கேட்டார்கள். சிகுசா முழங்காலில் கையை வைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் பார்த்தாள்.

"நீங்க இந்த வேலைக்கு வந்தப்போ, மன்றத்துல என்னவா இருந்ததா சொன்னீங்க?"

குகிமியா தேநீர்க் குவளையை எடுத்தார். அது காலி. சஷிதே அம்மா ஒரு பக்கத்தைத் திருப்பி, மறுபடி அதே பக்கத்துக்கு வந்தார். அப்போது கடைசி நாற்காலியிலிருந்து நான் எழுந்து, "சதுரங்க மன்றத் துணைத்தலைவர். எங்க கல்லூரியில அந்த மன்றமே கிடையாது," என்று...

(இல்லை. அப்படி நடக்கவில்லை. அப்படிச் சொல்லி வேலைக்கு வந்ததும், அந்த மன்றம் கிடையாது என்பதும் மட்டும் உண்மை. நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். சரி, நீங்க போகலாம் என்று சஷிதே அம்மா சொல்ல, அவள் எழுந்து இடுப்பை வளைத்து வணங்கிவிட்டுப் போனாள்.)

7

மதிப்பெண் தாளில் மூன்று கட்டங்கள். எங்கள் ஊரில் வட்டம் என்றால் எடுக்கலாம், பெருக்கல் குறி என்றால் வேண்டாம். குகிமியா தன் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார். சஷிதே அம்மா, எனக்கு இன்றுவரை காரணம் தெரியாது, வட்டம் போட்டார். தாள் நகர்ந்து என் முன்னால் வந்து நின்றது. வாய் திறக்கக் கூடாதவனுக்கும் ஒரு கட்டம் உண்டு.

நான் என்ன போட்டேன் என்று எழுதினால் கதை முடிந்துவிடும். நீங்களும் என்னை நாலு திட்டு திட்டிவிட்டோ தட்டிக்கொடுத்துவிட்டோ நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள். அதனால் எழுதப்போவதில்லை. தாளை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். வட்டமோ பெருக்கலோ, உங்கள் இஷ்டம். நடுவாந்தரமாக முக்கோணம் போட்டுத் தப்பிக்கக் கூடாது.

நீங்களும் எங்கோ ஒரு வேலைக்கு ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே உங்களைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்பதைத் தாளின் ஓரத்தில், சிறிய எழுத்திலாவது, எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு அவளுக்குக் குறி போடுங்கள்.